அரசு ஊழியர் சலுகையில் குடும்பத்தோடு அறை எடுப்பது எப்படி: நெல்லைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எங்கள் பக்கத்து அலுவலகங்களில் கேட்கிற கேள்வி இதுதான்: "கவர்ன்மென்ட் ஸ்டாஃபுக்கு ரூம்ல ஏதாவது குறைப்பாங்களா அண்ணாச்சி?" குறைப்பார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, எல்லா நாளும் இல்லை. கேட்கிற முறையில் கேட்டால்தான் கிடைக்கும்.

புதிதாக முயற்சி செய்கிறவர்கள் பலரும் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் அறையைப் போட்டுவிட்டு அப்புறம் லீவு கேட்கிறார்கள், ஊருக்குப் போய் இறங்கியபின் அடையாள அட்டையைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசைப்படி போனால் இந்தச் சிக்கல்களில் பாதிக்கு மேல் வராமலே போகும். இன்னொன்றையும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: யாரிடம் பேசினாலும் "இது என் சொந்தப் பயணம்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துப் பெறுகிற சலுகை எந்த நேரத்திலும் பறிபோகலாம், சில சமயம் வேலைக்கே வினையாகவும் வரலாம்.

1. நீங்கள் எந்த வகை ஊழியர் என்று பாருங்கள்

அரசுச் சம்பளம் வாங்குகிற எல்லோரும் ஹோட்டல்காரர் கணக்கில் அரசு ஊழியர் இல்லை. நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகத்தில் இருப்பவர் மத்திய அரசு ஊழியர். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இருப்பவர் பொதுத்துறை நிறுவன ஊழியர். ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பவர் மாநில அரசு ஊழியர். போக்குவரத்துக் கழக டிரைவர், மின்வாரியத்துக்காரர் எல்லாம் கழக, நிறுவன ஊழியர்கள். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய, அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு அரசுதான் சம்பளம் தருகிறது, ஆனால் நியமனம் செய்வது பள்ளி நிர்வாகம்.

இந்த வித்தியாசம் எதற்கு என்றால், ஒவ்வொரு சலுகையும் ஒவ்வொரு வகையினருக்கென்று எழுதப்பட்டிருக்கிறது. "மத்திய, மாநில அரசு ஊழியர்கள்" என்று மட்டும் போட்டிருக்கிற இடத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர் தன் அட்டையை நீட்டினால், சில ஹோட்டல்கள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்குமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஓய்வு பெற்றவர்களும் கேட்கலாம், ஆனால் ஓய்வூதியருக்கு உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் அதற்கு வேறு கணக்கு.

2. "அரசு ரேட்" என்றால் என்ன என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பெயரில் மூன்று வேறு சங்கதிகள் ஓடுகின்றன. மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய தவறு.

முதலாவது, அலுவல் பயண ரேட். பயணப்படி விதிகளில் அறை வாடகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி ஹோட்டல் ஒரு விலை வைத்திருக்கும். இது டூட்டியில் வருகிறவருக்கு மட்டும். "டூர் ஆர்டர் இருக்கா சார்?" என்று கேட்பார்கள். குடும்பத்தோடு சாரலில் குளிக்கப் போகிறவரிடம் அது எப்படி இருக்கும்?

இரண்டாவது, ஊழியர் தள்ளுபடி. நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பது இதில் கணக்கில்லை, அரசு ஊழியர் என்பதால் வாடகையில் இத்தனை சதவீதம் கழிவு, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது இதுதான்.

மூன்றாவது, அரசே நடத்துகிற தங்குமிடங்கள்: விடுமுறை இல்லங்கள், பயணியர் மாளிகைகள், ஆய்வு மாளிகைகள். இங்கே பொதுவாக டூட்டிக்கு ஒரு கட்டணம், சொந்தப் பயணத்துக்குக் கூடுதலாக ஒரு கட்டணம் என்று இரண்டு இருக்கும். கூடுதல் என்றாலும் வெளிச்சந்தையைவிடப் பெரும்பாலும் குறைவுதான், அதனால் சொந்தப் பயணம் என்று சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை.

பன்னாட்டு செயின் ஹோட்டல்களின் இணையதளத்தில் "கவர்ன்மென்ட் அண்ட் மிலிட்டரி" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைச் சொடுக்கி விலை குறைந்ததைப் பார்த்ததும் சிலர் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அமெரிக்க அரசு ஊழியர்களை மனதில் வைத்து வந்த ஏற்பாடு. அங்கே பொதுச் சேவை நிர்வாகம் என்ற அமைப்பு ஊர்வாரியாகத் தங்கும் செலவுக்கு உச்சவரம்பு அறிவிக்கிறது, ஹோட்டல்களின் அரசு ரேட் அதை ஒட்டித்தான் நிற்கிறது. அங்கேயே சில ஹோட்டல்கள் சொந்தப் பயணத்துக்கும் அதைத் தருகின்றன, சில தருவதில்லை. நம்ம ஊர் அட்டைக்கு அது செல்லுமா என்பதை அந்தந்த ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் அந்தத் தேர்வைத் தொடாதீர்கள்.

3. லீவும் தலைமையிடம் விட்டுப்போகும் அனுமதியும் முதலில்

அறைக்கு முன்னால் லீவு. காரணம் எளிது: சலுகை விலையில் கிடைக்கும் அறைகளில் பல, பணம் திரும்பாத வகை. தேதி மாறினால் சலுகையில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போய்விடும்.

தற்செயல் விடுப்பு என்றால் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் தலைமையிடத்தை, அதாவது வேலை பார்க்கிற ஊரை, விட்டு வெளியே போவதற்கான அனுமதியையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். வருவாய்த்துறை, காவல்துறை, மருத்துவத்துறைக்காரர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். மழைக்காலத்தில் தாமிரபரணியில் வெள்ளம் என்றால் லீவு ரத்தாகித் திரும்பக் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பயணம் போடுகிறவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகவே பாருங்கள், நூறு இருநூறு கூடுதலானாலும் பரவாயில்லை.

4. காகிதங்களை ஒரே உறையில் சேருங்கள்

பணியாளர் அடையாள அட்டை, அசல். நிறையப் பேரிடம் இருப்பது பழைய பதவி போட்ட அட்டை, அல்லது செல்லுபடி தேதி தாண்டிய அட்டை. பதவி உயர்வு வந்து வருடக்கணக்கானாலும் மாற்றியிருக்க மாட்டார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைய அது போதும், சலுகை தருகிற ரிசப்ஷனிஸ்ட் தேதியைத்தான் முதலில் பார்ப்பார்.

அட்டை சரியில்லையென்றால் இரண்டு வழி. மாநில அரசு ஊழியர் என்றால் 'களஞ்சியம்' என்ற சம்பளத் தளத்திலிருந்து கடைசி மாதச் சம்பளச் சீட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்கு எண், சம்பளப் பிடித்த விவரங்களை மறைத்துவிட்டுப் பெயர், பதவி, அலுவலகம் தெரிந்தால் போதும். அல்லது அலுவலகத் தலைவரிடம் பணிச்சான்று வாங்குங்கள். ஓய்வூதியர் என்றால் ஓய்வூதியக் கொடுப்பாணைப் புத்தகத்தின் முதல் பக்க நகல், அடையாள அட்டை இருந்தால் அதுவும்.

குடும்பத்தில் வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாளச் சான்று தேவைப்படும், பெரும்பாலும் ஆதார்தான் கேட்பார்கள். முழு ஆதார் நகல் கொடுக்க வேண்டாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். பணியாளர் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், நகலின் குறுக்கே பேனாவால் "கன்னியாகுமரி அறைப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் அட்டையின் படம் வேறு எதற்கும் போய்விடக் கூடாது, அதற்குத்தான்.

5. எங்கே தேடுவது

உங்கள் துறையிலிருந்தே தொடங்குங்கள். இதை யாரும் செய்வதில்லை. ரயில்வே, அஞ்சல், பி.எஸ்.என்.எல்., பொதுத்துறை வங்கிகள், எல்.ஐ.சி. என்று பலவற்றுக்கும் சொந்தமாக விடுமுறை இல்லமோ ஆய்வு விடுதியோ இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருப்பவரையும் சங்கத்துக்காரரையும் கேட்டால் எந்த ஊரில் இருக்கிறது, யாருக்கு எழுத வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மத்திய அரசு ஊழியர் என்றால் அடுத்து இ-சம்பதா என்ற அரசு இணையதளம். சம்பதா இயக்குநரகத்தின் விடுமுறை இல்லங்கள், சுற்றுப்பயண அதிகாரிகள் விடுதிகள் எல்லாம் அந்தத் தளம் வழியாகத்தான். ஊழியர் யார், கூட வருபவர் யார் என்று பதிவில் கொடுக்கிற பெயர்களை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தால் அங்கே போய் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று நமக்கு ஒரு பகல் பயணத் தூரத்திலேயே இருக்கின்றன. ஊட்டி, கொடைக்கானல், ராமேசுவரத்திலும் உண்டு. சலுகைகள் அவ்வப்போது மாறும், அதனால் போன வருடம் யாரோ சொன்ன சதவீதத்தை நம்பாமல் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலா மாளிகை, பொதுப்பணித் துறை ஆய்வு மாளிகை பற்றி ஒரு வார்த்தை. அறை ஒதுக்குவது ஆட்சியர் அலுவலகமோ செயற்பொறியாளர் அலுவலகமோ தான், வாட்ச்மேனிடம் பேசி முடிக்கிற வேலை இல்லை. அமைச்சரோ மேலதிகாரியோ வருகிறார் என்றால் உங்கள் ஒதுக்கீடு கடைசி நேரத்தில் ரத்தாகும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த மாளிகைகள் கட்டப்பட்டதே அதற்குத்தான். ஆகவே குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லுவதில்லை. தனியாகவோ தம்பதியாகவோ போகிறவர்கள், பக்கத்தில் இன்னொரு இடமும் பார்த்து வைத்துக்கொண்டு போகலாம்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தங்க நினைப்பவர்களுக்கு: வனத்துறை ஓய்வு விடுதிக்கு அரசு ஊழியர் அட்டை நுழைவுச்சீட்டு ஆகாது. வனத்துறை அனுமதி தனி, தங்கும் கட்டணம் தனி. மாஞ்சோலைப் பக்கம் போவதற்கும் அப்படித்தான், மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதியைத்தான் பார்ப்பார்கள், நம் பதவியை அல்ல.

கடைசியாகத் தனியார் ஹோட்டல். வாசலில் போர்டு போட்டு இந்தச் சலுகையை எழுதி வைக்கிறவர்கள் குறைவு, கேட்டால்தான் தருவார்கள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

6. போனில் எப்படிக் கேட்பது

காலை பதினொன்றிலிருந்து பகல் ஒரு மணிக்குள் ஹோட்டல்காரர்களுக்குச் செக்-அவுட் நெருக்கடி. மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள். ரிசப்ஷனில் எடுத்தால் "ரிசர்வேஷன் பார்க்கிறவர்கிட்ட கொடுங்க" என்று கேளுங்கள், விலை குறைக்கிற அதிகாரம் அவர் கையிலோ மேனேஜர் கையிலோ தான் இருக்கும். ஹோட்டல் எண்ணைக் கூகுள் வரைபடத்தில் பார்த்து அப்படியே கூப்பிடாமல், அந்த ஹோட்டலின் சொந்தத் தளத்தில் சரிபாருங்கள். பிரபலமான விடுதிகளின் பெயரில் போலி எண் போட்டு முன்பணம் வாங்கி ஏமாற்றுவது நடந்துகொண்டே இருக்கிறது. தனி நபரின் ஜிபே எண்ணுக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பேசி முடித்ததும் இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்குங்கள்:

"வணக்கம். நான் தமிழ்நாடு அரசு ஊழியர். குடும்பத்துடன் சொந்தப் பயணமாக வருகிறேன், அலுவல் பயணம் அல்ல. வரும் வெள்ளி மதியம் முதல் ஞாயிறு காலை வரை இரண்டு இரவு, பெரியவர் இருவர், எட்டு வயதுக் குழந்தை ஒன்று. அரசு ஊழியர் தள்ளுபடி போக ஓர் இரவுக்கு வரி உட்பட எவ்வளவு, காலை உணவு சேர்ந்ததா, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை இதில் உறுதி செய்யவும். செக்-இன் நேரத்தில் பணியாளர் அடையாள அட்டை காட்டுகிறேன்."

இதில் "அலுவல் பயணம் அல்ல" என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். போனில் ஒருவர் சரி என்பார், போய் இறங்கும்போது வேறு ஷிப்டில் வேறு ஒருவர் இருப்பார், அவர் டூர் ஆர்டர் கேட்பார். அப்போது காட்டுவதற்கு எழுத்தில் இது ஒன்றுதான் கையில் இருக்கும்.

7. சலுகை உண்மையிலேயே லாபமா என்று கணக்குப் போடுங்கள்

தள்ளுபடி சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. தள்ளுபடி கழிப்பது போர்டு விலையில், அதாவது ஹோட்டல் அறிவித்திருக்கிற முழு வாடகையில், ஆப்களில் ஓடுவது அன்றாட விலையில். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். போர்டு விலை 3,000. ஊழியர் தள்ளுபடி 20 சதவீதம் போக 2,400, ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 2,520, காலை உணவு கிடையாது. அதே அறை ஆப்பில் 2,600, வரியோடு 2,730, இருவருக்குக் காலை உணவு உண்டு. வெளியே இருவர் சாப்பிட 300 ஆகும் என்றால் சலுகை அறை 2,820 ஆகிவிட்டது. ஆப் அறைதான் மலிவு. ஆனால் ஆப் அறைக்குப் பணம் திரும்பாது, ஊழியர் அறைக்குத் திரும்பும் என்றால் மழைக்காலத்தில் நான் ஊழியர் அறையைத்தான் எடுப்பேன்.

வரியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஐந்து சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரி போடுவது உண்மையில் வாங்குகிற வாடகைக்குத்தான். 8,000 ரூபாய் அறை வரியோடு 9,440. பத்து சதவீதம் குறைத்து 7,200 என்றால் வரியோடு 7,560. எண்ணூறு ரூபாய் குறைத்ததற்கு மொத்தத்தில் 1,880 மிச்சம். இந்த வரம்பை ஒட்டி விலை நிற்கும்போது மட்டும் கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள்.

எந்த நாளில் சலுகை இல்லை என்பதையும் கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில், அதுவும் சனி ஞாயிறில், யாரும் சலுகை தரமாட்டார்கள், சாதாரண விலையில் கிடைத்தாலே பெரிது. திருச்செந்தூரில் கந்தசஷ்டி சமயம், கன்னியாகுமரியில் ஐயப்பசாமிகள் வருகிற கார்த்திகை, மார்கழி, புத்தாண்டு நாட்கள் அப்படித்தான். செவ்வாய், புதன், வியாழன் போக முடிந்தால் அதே இடத்தில் அதே அட்டைக்கு மரியாதையே வேறு.

8. அறை, அப்புறம் டிக்கெட்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பு திறக்கிறது. அதற்குள் லீவு பேசி முடித்து, ரத்து செய்யக்கூடிய அறையைப் போட்டு வைத்துவிட்டு, திறந்த அன்று காலையில் டிக்கெட் எடுங்கள். டிக்கெட் உறுதியானபின் அறைக்கு மீதிப் பணம். தலைகீழாகச் செய்தால் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும், அறைப் பணம் மாட்டிக்கொள்ளும். கன்னியாகுமரி, குற்றாலம் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மத்திய அரசு ஊழியர்கள் விடுமுறைப் பயணச் சலுகையில் போகும்போது ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை போக்குவரத்துச் செலவுக்கு மட்டும்தான், அறை வாடகை அதில் வராது. அறை பில்லைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து கேட்பதில் பலன் இல்லை.

9. செக்-இன்

ஊழியரே நேரில் நிற்க வேண்டும். "நான் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்துக்கிறேன், நீங்க முன்னால போங்க" என்று மனைவி மக்களை அனுப்பி வைத்து, அட்டை இல்லாமல் முழு வாடகை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊழியர் இல்லாமல் குடும்பம் மட்டும் தங்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். மச்சினனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்கள் பெயரில் அறை போட்டுக் கொடுப்பதோ, அது எங்கேயும் கூடாது, உங்கள் அட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பதிவேட்டில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் "சொந்தப் பயணம்" என்றே எழுதுங்கள். பழக்கதோஷத்தில் "அலுவல்" என்று எழுதிவிட்டால், லீவில் இருந்த நாளில் அலுவல் பயணம் என்று ஒரு பதிவு உங்கள் கையெழுத்தோடு அங்கே இருக்கும். பின்னால் தணிக்கையில் அது வந்தால் விளக்கம் எழுதியே ஓய்ந்துபோவீர்கள்.

10. வாங்கக் கூடாத சலுகை

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா ஊழியருக்கும் பொதுவாகத் தருகிற தள்ளுபடி வேறு, உங்கள் நாற்காலிக்குத் தருகிற தள்ளுபடி வேறு. உணவுப் பாதுகாப்பு, தீயணைப்பு, வணிகவரி, உள்ளாட்சி, காவல் என்று அந்த ஹோட்டலின் உரிமமோ ஆய்வோ உங்கள் மேசைக்கு வரும் என்றால், அங்கே "சார், உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லும்போது அது சலுகை இல்லை. மத்திய ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் இலவசத் தங்கலும் சாப்பாடும் அன்பளிப்புக் கணக்கில்தான் வருகிறது. மாநில ஊழியர்களுக்கும் 1973 நடத்தை விதிகள் இருக்கின்றன. உங்கள் எல்லைக்குள் இருக்கிற ஹோட்டலை விட்டுவிட்டு வெளி மாவட்டத்தில் அறை எடுங்கள், அங்கேயும் பொதுவாக அறிவித்த சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

11. கிளம்பும்போது

பில்லை வாங்காமல் கிளம்பாதீர்கள். அதில் நான்கு இடம் பார்க்க வேண்டும்: தள்ளுபடிக்கு முந்தைய வாடகை, தள்ளுபடி, வரி சதவீதம், உங்கள் பெயர். தள்ளுபடியை வாயால் சொல்லிவிட்டுப் பில்லில் முழு விலை போட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபின் போனில் கேட்டால் கிடைக்காது. பில் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும், அலுவலகத்தின் பெயரோ அதன் ஜி.எஸ்.டி. எண்ணோ எங்கேயும் வரக்கூடாது. பணத்தை உங்கள் கணக்கிலிருந்தே கட்டி, பில்லையும் லீவு அனுமதியையும் ஒரு வருடமாவது சேர்த்து வைத்திருங்கள்.